மெதுவாகச் சுற்றச் சொல்

ஃபோர்ட் லீ, நியூ ஜெர்சி
அக்டோபர் 4, 1913

அன்புள்ள ஹெட்டி அக்காவுக்கு,

நான் சுகம். நீ சுகமா? அப்பாவின் இருமல் எப்படி இருக்கிறது? பீங்கான் சூளை வாசலில் நின்று வேர்த்துவிட்டு அப்படியே குளிரில் வீட்டுக்கு நடக்கிறாரா இன்னும்? மப்ளர் ஒன்று அனுப்பியிருக்கிறேன். நான் அனுப்பியது என்று சொல்லாதே. சினிமாக்காரி வாங்கிய கம்பளி கழுத்தைச் சுடும் என்பார்.

படம் எடுக்கும் இடம் எப்படி இருக்கும் என்று கேட்டிருந்தாய். கண்ணாடிக் கூரை போட்ட பெரிய கொட்டகை. வெயில் இருந்தால் வெயில். இல்லாவிட்டால் மின்சாரக் கரி விளக்குகள். ஒவ்வொன்றும் சீறிக்கொண்டே எரியும், பக்கத்தில் நின்றால் பொடி கொட்டும். சாயங்காலம் எல்லோர் கண்ணும் மணல் அள்ளிப் போட்ட மாதிரி ஆகிவிடும். நடிகர்கள் வரிசையாகச் சாய்ந்து உட்கார்ந்து, கண் மேல் உருளைக்கிழங்குத் துண்டை வைத்துக்கொள்வோம். கதாநாயகனுக்கு மட்டும் தோல் சீவிய கிழங்கு. அதுதான் அந்தஸ்து.

டைரக்டர் கேமராவுக்குப் பக்கத்தில் நின்று கத்திக்கொண்டே இருப்பார். நாங்களும் வாய்க்கு வந்ததைப் பேசிக்கொண்டே நடிப்போம். யாருக்குக் கேட்கப்போகிறது? உனக்கு மட்டும்தான் தெரியும் என்று நினைக்கும்போது சிரிப்பாக வரும்.

ஒரே ஒரு விஷயம். பிட்ஸ்பர்க் நாடகக் குழுவிலிருந்து என்னைக் கையைப் பிடித்து இழுத்து வந்தாயே, அதை நான் மன்னித்துவிட்டேன், மறக்கவில்லை. நீ கொடுத்த வாக்கும் நினைவிருக்கட்டும். நான் கூப்பிட்டாலொழிய இங்கே வரக்கூடாது.

முத்தங்களுடன்,
மின்டா

✽

ஈஸ்ட் லிவர்பூல், ஒஹையோ
அக்டோபர் 26, 1913

என் செல்ல மின்டாவுக்கு,

இங்கே எல்லோரும் சௌக்கியம். அப்பா மப்ளரைப் போட்டுக்கொண்டார். "எங்க வாங்கினே?" என்று கேட்டார். கடையில் என்றேன். "கடைக்காரனுக்கு நல்ல மனசு" என்று சொல்லிவிட்டு அதோடு சூளைக்குப் போனார். அவருக்குத் தெரியாதென்று நீ நினைத்தால் நீ இன்னும் குழந்தை.

உன் போன மாதப் படத்தைப் பார்த்தேன். டிக்கெட் கொடுக்கும் பெண், எனக்குக் காது கேட்காது என்று தெரிந்ததிலிருந்து முகம் சிவக்கக் கத்துகிறாள். கத்தினால் உதடு கோணிக்கொள்கிறது, ஒன்றுமே புரிவதில்லை. பள்ளியில் என் இரண்டு கையையும் நாற்காலியோடு கட்டிப்போட்டு, வாயைப் பார்த்தே பேச்சைப் பிடிக்கப் பழக்கினார்களே, அந்தப் பாடு பட்டதற்குச் சினிமாவாவது பலன் தருகிறது. உன் கதாநாயகன் மண்டியிட்டுக் கண்ணீர் விட்ட இடத்தில் என்ன சொன்னான் தெரியுமா? "என் கோட்டு மேல நிக்கிறியே, காலை எடும்மா." கொட்டகை முழுக்க விம்மியது. நான் சிரித்தேன். பக்கத்திலிருந்த அம்மாள் என் தலையில் விசிறியால் தட்டினாள்.

ஆனால் முழுதும் பிடிக்க முடியவில்லை. க்ளெம், அதுதான் படம் ஓட்டுகிறவன், இன்னொரு காட்சி சேர்த்து ஓட்டுவதற்காகக் கைப்பிடியை வெறி பிடித்தவன் போலச் சுற்றுகிறான். அவன் கையில் சவ ஊர்வலம்கூட ஓட்டப் பந்தயம்தான்.

உன் கடிதத்தில் வரிகள் எல்லாம் மேல்நோக்கி ஏறுகின்றனவே, ஏன்? கடைசிப் பக்கத்தில் இரண்டு வரி ஒன்றன்மேல் ஒன்று ஏறிக் கிடக்கிறது. நான் தட்டு ஓரத்தில் தங்கக் கோடு இழுத்துப் பிழைக்கிறவள். கோடு கோணினால் என் கண்ணில் முதலில் படும்.

அன்பு அக்கா,
ஹெஸ்டர்

✽

ஃபோர்ட் லீ
நவம்பர் 20, 1913

அன்புள்ள அக்கா,

நலம். உன் நலமும் அப்பா நலமும் அறிய ஆவல். ரயிலில் மடியில் வைத்து எழுதியதால் வரி கோணிவிட்டது. இதுவும் அப்படித்தான்.

புதிதாகப் பன்னிரண்டு விளக்குகள் இறக்கியிருக்கிறார்கள். தேவாலயத்தில் தனியாக நடந்துபோய்ப் பலிபீடத்தில் விழும் ஒரு காட்சி எடுத்தோம். டைரக்டருக்குத் திருப்தி. எழுத நேரமில்லை.

மின்டா

✽

ஈஸ்ட் லிவர்பூல்
ஜனவரி 11, 1914

அன்பு மின்டா,

இங்கே சுகம் என்று எழுத வேண்டும், எழுதிவிட்டேன். நீ எப்படி இருக்கிறாய்? கிறிஸ்துமஸுக்கு ஒரு வரிகூட இல்லை. நான் அனுப்பிய ஆப்பிள் ஜாம் வந்ததா? உன் போன கடிதம் அரைப் பக்கம்தான், ஆனால் எழுத்து ஒவ்வொன்றும் கட்டைவிரல் அளவு. ரயிலில் எழுதினால் எழுத்து நடுங்கும், பெருக்காது.

என்னால் உட்கார முடியவில்லை. தபால்காரரை எதிர்பார்த்து எதிர்பார்த்து, நேற்று ஒரு டஜன் தட்டில் தங்கக் கோட்டைக் கோணலாக இழுத்துவிட்டேன். ஃபோர்மன் வாயைப் பார்த்தேன். அவர் சொன்னதை எழுத மாட்டேன்.

அப்பா தினமும் சாப்பிடும்போது என்னைப் பார்க்கிறார். கடிதம் இல்லை என்று நான் தலையை ஆட்டுகிறேன். அவர் சூப்பைக் குடிக்கிறார். இதுதான் எங்கள் பேச்சு.

பதில் போடு. திட்டியாவது போடு.

ஹெட்டி

✽

ஃபோர்ட் லீ
பிப்ரவரி 2, 1914

அன்புள்ள அக்காவுக்கு,

ஆண்டவர் அருளால் நான் மிக நலமாக இருக்கிறேன். தாங்களும் தந்தையாரும் அவ்வாறே இருக்கப் பிரார்த்திக்கிறேன். மணிக்கட்டு சுளுக்கியிருப்பதால் நான் சொல்லச் சொல்ல இதைத் திருமதி குவிக்லி எழுதுகிறார். உடுப்பு அறைக்குப் பொறுப்பானவர். டைரக்டரின் சொந்த அக்கா. உன் கடிதங்களையும் இனி அவரே எனக்கு வாசித்துக் காட்டுவார். மிகவும் அன்பானவர்.

ஜாம் வந்தது. கோடையில் கம்பெனி முழுதும் கலிஃபோர்னியாவுக்குப் போகிறது. எனக்கு அங்கே முதல் வேடம் என்று டைரக்டர் வாக்குக் கொடுத்திருக்கிறார். இதற்காகத்தானே இத்தனை நாள் நின்றேன். ஆகவே ஒரு குறையும் இல்லை.

இப்படிக்கு,
அன்புத் தங்கை மின்டா

✽

ஈஸ்ட் லிவர்பூல்
மார்ச் 1, 1914

அன்புள்ள மின்டா,

நலம். உன் மணிக்கட்டு குணமாகிவிட்டதா? என் கடிதத்தை உனக்கு வாசித்துக் காட்டும் திருமதி குவிக்லிக்கு என் வணக்கமும் நன்றியும். சுளுக்கு கையில் இருக்கும்போது வாசிக்கவும் துணை வேண்டியிருப்பது ஆச்சரியம்தான். ஆனால் அவர் அன்பானவர் என்று நீ சொல்லிவிட்டாய்.

தேவாலயப் படம் வந்தது. முதல் நாளே ஊர் கூடி அழுதுவிட்டது. பாதிரியார் வெள்ளிக்கிழமைத் தவக்காலப் பிரசங்கத்தில் சொன்னார்: "நம்ம ஊர்ப் பொண்ணு அந்தப் பீடத்தைப் பாத்து ஜெபம் சொல்லிக்கிட்டே நடக்கிறா பாருங்க, அது நடிப்பில்லே." அப்பா எழுந்து நேராக வீட்டுக்குப் போய்விட்டார். மறுநாள் சனிக்கிழமை, மத்தியானக் காட்சிக்கு ஞாயிற்றுக்கிழமைக் கோட்டைப் போட்டுக்கொண்டு கிளம்பினார். ஆமாம், அப்பா! படம் முடிந்ததும் தொப்பியைக் கையில் வைத்துக்கொண்டு வெகு நேரம் உட்கார்ந்திருந்தார். "மின்டா வாய் அசையுது பாத்தியா? அம்மா சொல்லிக் கொடுத்த ஜெபமாத்தான் இருக்கும்" என்றார். ஐந்து வருடத்தில் முதல் தடவையாக உன் பெயரை உச்சரித்தார்.

நானும் அந்த ஜெபத்தைப் பார்த்தேன், மின்டா. எனக்கு நன்றாகத் தெரிந்த ஜெபம். அம்மா ஆப்பிள் எடுத்துவர விளக்கில்லாமல் நிலவறைக்கு அனுப்புவாளே, அப்போது என் பாவாடையைப் பிடித்துக்கொண்டு படிக்கு ஒன்றாக நீ சொன்ன அதே ஜெபம். அங்கே சொன்ன அளவுதான் இங்கேயும். ஒன்பதில் நின்றது. பிறகு உன் கை பீடத்தைத் தேடியது.

அப்பாவிடம் ஒன்றும் சொல்லவில்லை. அவர் முகத்தைப் பார்த்துவிட்டு யாரால் சொல்ல முடியும்?

வாக்குக் கொடுத்துத் தொலைத்தேன். கூப்பிடேன். வரட்டுமா?

ஹெட்டி

✽

ஃபோர்ட் லீ
மார்ச் 20, 1914

அன்புள்ள அக்காவுக்கு,

நான் நலமே. வீட்டிலும் அனைவரும் நலமென்று அறிந்து மகிழ்ச்சி. தந்தையார் படம் பார்த்த செய்தியைத் திருமதி குவிக்லி எனக்கு மூன்று முறை வாசித்தார்.

தாங்கள் வரத் தேவையே இல்லை. வேலை மிகுதி. வந்தாலும் பேசக்கூட நேரம் இராது. கண், கை, கால் அனைத்தும் திடமாக உள்ளன. தயவுசெய்து வர வேண்டாம்.

ஜெபத்தை நீ அடையாளம் கண்டதில் சந்தோஷம். நீ காண்பாய் என்று தெரியும்.

'மேப்பிள் மாளிகை' என்ற படத்தின் கடைசிக் காட்சியை முந்தாநாள் எடுத்து முடித்தோம். மாடிப்படியின் உச்சியில் நின்று கணவனை மன்னித்து அனுப்பும் காட்சி. அதை மட்டும் தவறவிடாதே, அக்கா. முன் வரிசையில் உட்கார். க்ளெமிடம் மெதுவாகச் சுற்றச் சொல்.

இப்படிக்கு,
மின்டா

✽

ஈஸ்ட் லிவர்பூல்
மே 30, 1914

அன்பு மின்டா,

சுகமா? ஏப்ரலில் இரண்டு கடிதம், இந்த மாதம் மூன்று கடிதம் போட்டேன். பதில் இல்லை. திருமதி குவிக்லியின் மணிக்கட்டும் சுளுக்கிக்கொண்டதா?

உன் 'மேப்பிள் மாளிகை' எங்கள் ஊருக்கு வரவே இல்லை. பெரிய ஊர்களெல்லாம் மென்று துப்பிய பிறகுதான் எங்களுக்கு வரும். ஆற்றுக்கு அந்தப் பக்கம் வீலிங்கில் ஓடுகிறது என்று கேள்விப்பட்டு ஒரு புதன்கிழமை வேலைக்கு மட்டம் போட்டுவிட்டு ஓடினேன். போய்ச் சேர்ந்தபோது போஸ்டரைக் கிழித்துக்கொண்டிருந்தார்கள். ஸ்டூபன்வில்லில் பிடித்தேன். கடைசிச் சுருளில் நீ படியேறுகிறாய். கைப்பிடிச் சுவரை விடாமல் தடவிக்கொண்டே ஏறுகிறாய். உச்சிக்கு வந்து திரும்புகிறாய். உடனே 'முற்றும்'! பிலிம் அறுந்துபோய் நடுவில் அத்தனை அடியை வெட்டி எறிந்துவிட்டு ஒட்டியிருக்கிறான். ஆப்பரேட்டர் அறைக்கு ஏறிப்போய் வெட்டியதைக் கொடு என்று கேட்டேன். என் குரல் எப்படி வந்ததோ, பயந்துவிட்டான். குப்பையோடு எரித்துவிட்டார்களாம்.

இரவில் படுத்தால் நீ திரும்புவது மட்டும் வருகிறது. வாய் திறக்கிறது. அதற்குமேல் இல்லை. அந்தக் காட்சியில் என்ன வைத்திருக்கிறாய்? 'வராதே' என்றால் கடிதத்திலேயே சொல்லியாகிவிட்டது. வேறென்ன?

எங்கள் ஊருக்கு ஜூன் மூன்றாம் வாரம் வருகிறது என்கிறான் க்ளெம். அதுவரை எப்படி இருப்பேன்?

ஹெட்டி

✽

ஈஸ்ட் லிவர்பூல்
ஜூன் 20, 1914

மின்டாவுக்கு,

படம் பார்த்தேன். நன்றாக இருந்தது. நாங்கள் நலம்.

வியாழக்கிழமை மத்தியானம் ஒருவர் உன் கையைப் பிடிப்பார். பேச மாட்டார். பயப்படாதே, உள்ளங்கையை விரி.

ஹெ.

✽

ஃபோர்ட் லீ
ஜூன் 27, 1914

அன்புள்ள அப்பாவுக்கு,

நாங்கள் இருவரும் ஓரிடத்தில் இருக்கிறோம். நீங்கள் சுகமா? அடுக்களை மேஜையில் 'மின்டாவுக்கு உடம்பு சரியில்லை, போகிறேன்' என்று ஒரு துண்டுக் காகிதத்தை வைத்துவிட்டு, நீங்கள் சூளையிலிருந்து திரும்புவதற்குள் ஓடி வந்ததற்கு மன்னியுங்கள். முகத்துக்கு நேரே சொல்லத் தைரியம் இல்லை. இப்போது எழுதுகிறேன், உட்கார்ந்து படியுங்கள்.

சனிக்கிழமை காலையில், கொட்டகை திறக்குமுன் க்ளெமைப் பிடித்தேன். "கடைசிச் சுருளை மட்டும் எனக்காக மெதுவா சுத்து" என்றேன். "மெதுவா சுத்தினா விளக்குச் சூட்டுல பிலிம் பத்திக்கும், ஹெட்டி. கொட்டாயே போயிரும்" என்றான். மின்டா கேட்டாள் என்றேன். தலையைச் சொறிந்தான். பிறகு ஒரு வாளித் தண்ணீரைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு, நாக்கைக் கடித்துக்கொண்டு, எனக்கு மட்டும் ஓட்டினான். எத்தனை மெதுவாக முடியுமோ அத்தனை மெதுவாக.

படியின் உச்சியில் அவள் திரும்பினாள். கணவனைப் பார்க்கவில்லை, அப்பா. நேராக என்னைப் பார்த்தாள். கண் இரண்டும் வெளுத்துக் கிடந்தன. திரையில், 'உங்களை மன்னித்துவிட்டேன்' என்று எழுத்து அட்டை வந்தது. அவள் உதடு சொன்னது இது:

"ஹெட்டி, வெளிச்சம் மட்டுந்தான் தெரியுது. எதுவும் தெரியலே. கடுதாசில வராதேன்னு எழுதச் சொல்லுவேன், நம்பாதே. வா. சீக்கிரம் வா."

மார்ச்சில் சொன்னது. ஜூனில் கேட்டேன். மூன்று மாதமாக அந்த வார்த்தை ஊர் ஊராகத் தகரப் பெட்டியில் சுற்றியிருக்கிறது. எத்தனை ஆயிரம் பேர் அதைப் பார்த்துக் கைதட்டியிருப்பார்கள்.

கரி விளக்குகள் கருவிழியைப் புண்ணாக்கிவிட்டன. நவம்பரிலேயே ஒரு வைத்தியர் ஆறு மாதம் விளக்குப் பக்கம் போகாதே என்று சொல்லியிருக்கிறார். சொன்னால் வேலை போகும், கலிஃபோர்னியா போகும் என்று இவள் மூடி மறைத்தாள். இங்கே நான் வந்தபோது ஒரு விடுதி அறையில் சுவரைப் பார்த்து உட்கார்ந்திருந்தாள். நான் கையைப் பிடித்தேன். சிறு வயதில் போர்வைக்குள் திருட்டுத்தனமாகப் பேசுவோமே, அதே விரல் எழுத்தில் உள்ளங்கையில் என் பெயரை எழுதினேன். இரண்டாவது எழுத்துக்குள் கையை இழுத்து முகத்தில் வைத்துக்கொண்டாள். "பாதகி, மூணு மாசமா வர்றதுக்கு?" என்றாள். நல்லவேளை, ஜன்னல் பக்கம் திரும்பிச் சொன்னாள். உதட்டைப் படிக்க முடிந்தது.

குவிக்லி அம்மாளையும் பார்த்தேன். நான் நினைத்த மாதிரி இல்லை. நினைத்ததைவிட மோசமும் இல்லை. வாசலில் நின்று ஏப்ரன் துணியைப் பிசைந்துகொண்டே சொன்னாள்: "நீங்க ஒம்பதுன்னு எழுதினப்பவே உங்களுக்குத் தெரிஞ்சுபோச்சுன்னு எனக்குப் புரிஞ்சுதும்மா. தினம் காலையில நான்தான் நாற்காலி, படி எல்லாத்தையும் அளந்து எத்தனை அடின்னு அவ காதுல சொல்லுவேன்." ஏன் எனக்கு எழுதவில்லை என்று கேட்டேன். "எழுதினா படம் நின்னிருக்கும். என் தம்பி படம்" என்றாள். ஏப்ரலில் மின்டா எதிரே நின்ற விளக்கின் மேலேயே மோதி விழுந்தாளாம். அன்றோடு கம்பெனி அவளை நிறுத்திவிட்டது. அதன்பின் வந்த என் கடிதங்களைக் குவிக்லி அம்மாள் வாசிக்கத் துணிவில்லாமல் பிரிக்காமலே பெட்டியில் வைத்திருந்தாள். கடைசியை மட்டும் வாசித்துக் காட்டியிருக்கிறாள். அவளை அறைய வேண்டும் என்று இருந்தது. ஆனால் இந்த மூன்று மாதமும் மின்டாவுக்குச் சோறு ஊட்டியதும் அவள்தான். கடிதங்களை வாங்கிக்கொண்டு கதவைச் சாத்தினேன்.

வலது கண் இனி வராது. இடது கண்ணில் இலையுதிர் காலத்துக்குள் கொஞ்சம் திரும்பலாம் என்கிறார் வைத்தியர். இருட்டறையில் வைக்கச் சொல்கிறார்.

அப்பா, இன்னும் ஒன்று. நீங்கள் ஊர் முழுக்கச் சொல்லிச் சந்தோஷப்பட்ட அந்த ஜெபம், ஜெபம் இல்லை. பீடம் எங்கே என்று தெரியாமல் அடியை எண்ணிக்கொண்டு போனாள். உங்களிடம் பொய்யாக இருக்க முடியவில்லை. மின்டா கேட்கிறாள்: "அப்பா என்னை வீட்டுக்குள்ள விடுவாரா?" எனக்குப் பதில் தெரியாததால் இந்தக் கடிதத்தை அவளுக்கு உள்ளங்கையில் எழுதிக் காட்டாமல் அனுப்புகிறேன்.

உங்கள் மகள்,
ஹெஸ்டர்

✽

ஈஸ்ட் லிவர்பூல்
ஜூலை 1, 1914

ஹெஸ்டருக்கு,

கடிதம் கிடைத்தது. இருமல் பரவாயில்லை. மப்ளரைக் கோடையிலும் போட்டிருக்கிறேன்.

பாதிரியாரிடம் போய்ச் சொன்னேன். அவர் சங்கடப்பட்டார். நான் படவில்லை. உன் அம்மா மூச்சு வாங்கிக் கிடந்த இரவில் நான் கூரைப் பலகையை எண்ணிக்கொண்டிருந்தேன். வேறொன்றும் வாயில் வரவில்லை. அது எதில் சேரும் என்று ஆண்டவருக்குத் தெரியும்.

கீழே எழுதியிருப்பதை அவள் கையில் எழுது. நானே நடந்து பார்த்தேன், அவள் அடிக்குத் தகுந்த மாதிரி சின்னதாக எடுத்து வைத்து.

வேலிக் கதவிலிருந்து வாசற்படி வரை பதினாறு. படி மூன்று, நடுப்படி ஆடிக்கொண்டிருந்தது, ஆணி அடித்துவிட்டேன். கதவிலிருந்து அவள் நாற்காலிக்கு ஏழு. நாற்காலியிலிருந்து அவள் கட்டிலுக்குப் பதினொன்று. ஜன்னலுக்குக் கறுப்புத் துணி தைத்தாகிவிட்டது.

நிலவறைக்கு ஒன்பது. அது அவளுக்கே தெரியும்.

அப்பா